நம்ம எம்.பி. கேட்ட கேள்வி கடைமடைக்கு வந்து சேர்ந்ததா?

கூட்டத்தொடர் முடிந்த மறுநாளே வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்ற ஆரம்பித்துவிடும். எம்.பி. கும்பிட்டபடி நிற்பார். பக்கத்தில் கொட்டை எழுத்தில் வருகைச் சதவீதம், கேட்ட கேள்விகள், கலந்துகொண்ட விவாதங்கள். தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருச்சி, சிதம்பரம் என்று டெல்டாவைத் தொடுகிற எந்தத் தொகுதியானாலும் இதே கூத்துதான். கட்சிக்காரர்கள் எண்ணைக் காட்டிப் பூரிப்பார்கள், எதிர்த்தரப்பு பக்கத்துத் தொகுதி எண்ணைக் காட்டிக் கிண்டலடிக்கும். கல்லணையில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்பதை வைத்துத் வாய்க்காலின் கடைசியில், கடைமடையில் இருக்கிற தலைஞாயிறு வயலில் தண்ணீர் ஏறியதா என்று சொல்ல முடியுமா? கேள்விக் கணக்கும் அந்த ரகம்தான்.

முதலில் அந்த எண் எப்படி வருகிறது என்று பார்ப்போம். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி 20, நட்சத்திரமில்லாத கேள்வி 230. நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். மற்றதற்கு எழுத்தில் பதில் வரும், அத்தோடு சரி. ஒரு உறுப்பினர் ஒரு நாளுக்கு அதிகபட்சம் 5 கேள்விகளுக்கு நோட்டீஸ் கொடுக்கலாம், அதில் ஒன்றுதான் நட்சத்திரப் பட்டியலுக்குப் போகும். யாருடையது போகும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. மாநிலங்களவையில் நட்சத்திரக் கேள்வி 15, மற்றவை 160.

ஒரே விஷயத்தை ஐந்தாறு பேர் கேட்டிருந்தால் எல்லார் பெயரையும் சேர்த்து ஒரே பதிலாகக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் ஆளாளுக்குக் கணக்கில் ஒன்று ஏறும். ஒடிசா எம்.பி. கடல் அரிப்பைப் பற்றிக் கேட்க, நம்மவர் பெயரும் அதில் ஒட்டிக்கொண்டு வந்தால் அதுவும் ஒரு கேள்விதான். இன்னொன்று, பட்டியலில் 20 நட்சத்திரக் கேள்விகள் இருந்தாலும் 11 மணிக்குத் தொடங்கும் ஒரு மணி நேரக் கேள்வி நேரத்தில் நாலைந்து கேள்வியைத் தாண்டுவதே பெரிய விஷயம். அமளி என்றால் அதுவும் இல்லை. பதினைந்தாவது இடத்தில் இருக்கிற நட்சத்திரம் நடைமுறையில் நட்சத்திரமில்லாத கேள்விதான். 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே கிடையாது, எழுத்துப் பதில் மட்டும்தான். அந்த வருடக் கணக்கைப் பார்க்கும்போது இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே எண்ணை ஓரமாக வைத்துவிட்டு சன்சத்.இன் தளத்துக்குப் போங்கள். உறுப்பினர் பெயர், அமைச்சகம், கூட்டத்தொடர் என்று மூன்றையும் தேர்ந்தெடுத்தால் கேள்வியும் பதிலும் பி.டி.எஃப். ஆக வரும். தமிழில் இருக்காது, ஆங்கிலமும் இந்தியும்தான். கேள்வியை விட்டுவிட்டுப் பதிலை முதலில் படியுங்கள். அதில் ஒரு தேதியோ, மாவட்டவாரி அட்டவணையோ, ஒரு தொகையோ இருந்தால் கேள்வி வேலை செய்திருக்கிறது. 'அரசு உறுதிபூண்டுள்ளது' என்று தொடங்கி 'தொடர் நடவடிக்கை எடுத்து வருகிறது' என்று முடிந்தால், கேள்வி கேட்ட விதத்தில்தான் கோளாறு.

காலநிலை, எரிசக்தி, அகதிகள் என்று மூன்றைப் பார்ப்போம். முதலில் காலநிலை. 'காலநிலை மாற்றத்தால் காவிரி டெல்டா பாதிக்கப்படுவது அரசுக்குத் தெரியுமா. ஆம் எனில் விவரம் என்ன. இல்லை எனில் காரணம் என்ன?' என்பது நாடாளுமன்றத்தில் சலித்துப்போன வாய்ப்பாடு. பதிலும் வாய்ப்பாடாகவே வரும்: 2008-ன் தேசியச் செயல் திட்டம், அதன் எட்டு இயக்கங்கள், 2070-க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு, 2030-க்குள் உமிழ்வுச் செறிவை (நாட்டின் உற்பத்தி மதிப்புக்கு எவ்வளவு உமிழ்வு என்ற விகிதத்தை) 2005-ஐவிட 45 சதவீதம் குறைப்பது. எல்லாம் உண்மைதான். வேதாரண்யத்தில் உப்பேறிய நிலத்துக்கு அதில் ஒரு வரியும் இருக்காது.

டெல்டாவில் காலநிலை என்பது ஒரே அமைச்சகத்தின் சமாச்சாரம் இல்லை. கடற்கரை அரிப்பை அளப்பது புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம். நாட்டின் கடற்கரையில் 33.6 சதவீதமும், தமிழ்நாட்டில் 42.7 சதவீதமும் அரிப்பில் இருப்பதாக 1990 முதல் 2018 வரையிலான அளவீட்டை வைத்து அவையில் சொன்னது அந்த அமைச்சகம்தான். புயல் எச்சரிக்கையும் அங்கேதான். கடலோர ஒழுங்குமுறை மண்டலம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடு என்றால் சுற்றுச்சூழல் அமைச்சகம். காவிரி நீர் ஜல்சக்தி. பயிர்க் காப்பீடு வேளாண்மை. நெல் ஈரப்பதம் உணவுத் துறை. பேரிடர் நிவாரண விதி உள்துறை. தவறான வாசலைத் தட்டினால் நோட்டீஸ் வேறு அமைச்சகத்துக்கு மாற்றப்படும், இல்லையென்றால் ஒரு வரியில் கைகழுவப்படும். சரியான அமைச்சகம் பதில் சொல்ல ஒதுக்கிய நாளும் அதற்குள் போய்விடும்.

ஈரப்பதக் கேள்வியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் டெல்டாவில் பருவம் தவறிய மழையின் முழு வலியும் அந்த ஒரு எண்ணில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மத்தியத் தர நிர்ணயப்படி நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில். அதே நேரத்தில் வடகிழக்குப் பருவமழை. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் மீட்டரை வைத்தால் 20, 21 என்று காட்டும். நெல்லைத் தார்ச்சாலையில் கொட்டிக் காயவைப்பார்கள். மறுநாள் மழை வந்து அதையும் நனைக்கும், குவியலிலேயே முளை விடும். மாநில அரசு 22 சதவீதம் வரை தளர்வு கேட்டு எழுதும், தில்லியிலிருந்து குழு வந்து மாதிரி எடுக்கும், பிறகு உத்தரவு வரும். 22 கேட்டு 19, 20 என்று கிடைத்த வருடங்களும் உண்டு. உத்தரவு வரும்போது பாதி நெல் வியாபாரி கைக்குப் போயிருக்கும்.

'ஈரப்பதத்தை 22 ஆக்குவீர்களா?' என்று கேட்டால் 'மாநிலத்தின் கோரிக்கை பெறப்படும்போது பரிசீலிக்கப்படுகிறது' என்று முடித்துவிடுவார்கள். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: கடந்த ஐந்து கொள்முதல் பருவங்களில் தமிழ்நாட்டின் கடிதம் வந்த தேதி என்ன, குழு வந்த தேதி என்ன, உத்தரவு வெளியான தேதி என்ன, ஒவ்வொரு முறையும் கேட்ட சதவீதமும் கொடுத்த சதவீதமும் என்ன? ஐந்து பத்தி கொண்ட அட்டவணை கைக்கு வரும். தாமதம் சென்னையிலா தில்லியிலா என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். (இரண்டு பக்கமும் ஆட்சியில் இருப்பவர்களுக்கு இந்த அட்டவணை பிடிக்காது. அதனால்தானோ என்னவோ இப்படி யாரும் கேட்பதில்லை.)

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஈரப்பதப் பிரச்சினை கழுத்தைப் பிடிக்கிற அக்டோபரில் நாடாளுமன்றம் பெரும்பாலும் கூடுவதில்லை. மழைக்காலக் கூட்டத்தொடர் ஜூலை, ஆகஸ்டிலேயே முடிந்துவிடும். குளிர்காலத் தொடர் நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ தொடங்கும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து நடவு முடிந்திருக்கிற ஜூலையிலேயே, வரப்போகும் குறுவைக்கு முன்னேற்பாடு என்ன என்று கேட்டுவைக்க வேண்டும். சம்பா, தாளடி அறுவடையும் காப்பீட்டுத் தொகையும் ஜனவரி இறுதியில் தொடங்கும் பட்ஜெட் தொடரோடு சரியாகப் பொருந்தும்.

நிவாரண விதியிலும் கேட்க நிறைய இருக்கிறது. 2022 முதல் 2026 வரைக்கான மத்திய விதிப்படி 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதம் இருந்தால், பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாய், இரண்டு ஹெக்டேர் வரை. தென்னைக்கு இதை மரக்கணக்கில் பிரித்துப் பாருங்கள். ஏழரை மீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்கு ஏறக்குறைய 175 மரம். மரத்துக்கு 130 ரூபாய்கூட வரவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் சாய்ந்தது காய்ப்பில் இருந்த மரங்கள். புதுக் கன்று காய்க்க நாலைந்து வருடம் ஆகும், நெட்டை ரகம் என்றால் இன்னும் கூட. தென்னைக்கு ஹெக்டேர் அளவுகோலை மாற்றி மர அளவுகோல் வைப்பது பற்றி உள்துறை பரிசீலித்ததா, அந்தக் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பது முழுக்க மத்திய அரசின் பொறுப்புக்குள் வருகிற கேள்வி. தட்டிக்கழிக்க முடியாது.

எரிசக்திக்கு வந்தால் குழப்பம் இரட்டிப்பு. ஊரில் எல்லாவற்றுக்கும் 'மீத்தேன்' என்றே பெயர். 2010-ல் மன்னார்குடித் தொகுதிக்குக் கையெழுத்தான ஒப்பந்தம் நிலக்கரிப் படுகை மீத்தேனுக்கானது. 2017-ல் நெடுவாசலில் மக்கள் உட்கார்ந்தது சிறு எண்ணெய் வயல்களுக்கான ஏலத்தை எதிர்த்து. அதே வருடம் ஜூன் 30-ல் கதிராமங்கலத்தில் கசிந்தது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஓஎன்ஜிசி குழாய். மூன்றும் பெட்ரோலிய அமைச்சகம். ஆனால் 2023 ஏப்ரலில் எல்லாரையும் தூக்கிவாரிப்போட்டதே, வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு, அவை பழுப்பு நிலக்கரித் தொகுதிகள். ஏலப் பட்டியலில் வைத்தது நிலக்கரி அமைச்சகம். சில நாட்களில் மூன்றையும் நீக்குவதாக அறிவித்ததும் அதே அமைச்சகத்தின் அமைச்சர்தான். அந்த மார்ச்சில் யாராவது பெட்ரோலியத் துறையிடம் 'டெல்டாவில் புதிய திட்டம் உண்டா?' என்று கேட்டிருந்தால், பொய் சொல்லாமலேயே 'இல்லை' என்று பதில் கொடுத்திருக்க முடியும்.

2020 பிப்ரவரியில் சட்டமன்றம் நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைப் பற்றியும் தெளிவு வேண்டும். அது புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வு, துளையிடல், எடுப்பு எல்லாவற்றையும் தடை செய்கிறது. ஏற்கெனவே இயங்கியவற்றைத் தொடவில்லை. கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சில ஒன்றியங்கள் மட்டும் உள்ளே. கடல் அதற்குள் வராது. கடலடி வளம் அரசியல் சட்டம் 297-ன்படி ஒன்றியத்துக்குச் சொந்தம். எண்ணெய் வயல் ஒழுங்குமுறையும் ஒன்றியப் பட்டியலில் 53-வது இனம். ஏலப் பட்டியலில் தொகுதியின் பெயரைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்: 'சிஒய்' என்று தொடங்கினால் காவிரிப் படுகை, அடுத்து 'ஓஎன்' என்றால் நிலம், 'ஓஎஸ்' என்றால் ஆழமில்லாக் கடல், 'டிடபிள்யூ' என்றால் ஆழ்கடல்.

உருப்படியான கேள்வி ஒன்று இப்படி இருக்கலாம்:

(அ) தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளில் உற்பத்தியில் இருப்பவை, நிறுத்திவைக்கப்பட்டவை, கைவிடப்பட்டவை எத்தனை, மாவட்டவாரியாக;
(ஆ) அவை அடங்கிய சுரங்கக் குத்தகைகள் முடியும் தேதிகள்;
(இ) கைவிடப்பட்டவற்றில் சிமென்ட் அடைப்பு முடிந்து நிலம் உரிமையாளரிடம் திரும்பியவை எத்தனை;
(ஈ) 2020 பிப்ரவரிக்குப் பிறகு புதிய கிணற்றுக்கோ பழைய கிணற்றை ஆழப்படுத்தவோ மாநிலத்திடம் விண்ணப்பித்தது எத்தனை, பதில் என்ன.

ஆங்கிலத்தில் 150 சொல்லுக்குள் அடங்க வேண்டும், அது விதி. (ஈ) ஏன் முக்கியம் என்றால், துளை போடும் ரிக் வண்டி ஊருக்குள் வந்ததும் புதுக் கிணறு என்று ஜனம் கூடும், நிறுவனம் 'இது வெறும் ஒர்க்ஓவர், பராமரிப்பு' என்று சொல்லும். பழைய துளையிலேயே வேறு அடுக்குக்கு இறங்குவது பராமரிப்பா, புதுத் துளையிடலா என்பதை எழுத்தில் வாங்கிவைப்பது பிற்பாடு கோர்ட்டுக்கும் உதவும்.

2020 ஜனவரியில் ஆய்வுக் கிணறுகளைச் சுற்றுச்சூழல் விதியில் 'பி2' பிரிவுக்கு மாற்றினார்கள். அதிலிருந்து கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை, அனுமதி மாநில அளவிலான மதிப்பீட்டு ஆணையத்தின் கையில். 2025-ல் ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகள் பற்றிச் செய்தி வெடித்ததே, அனுமதி அந்த ஆணையத்திடமிருந்து போனதுதான். எம்.பி. தில்லியில் கேட்டால் 'மாநில ஆணையத்தைக் கேளுங்கள்' என்று வரும். எம்.எல்.ஏ. சென்னையில் கேட்டால் 'அறிவிக்கை மத்திய அரசுடையது' என்று வரும். இரண்டு அவையிலும் ஒரே வாரத்தில் கேட்டால்தான் ஆள் சிக்குவார்.

சூரிய பம்ப் பற்றி ஒரு வரி போதும். குசும் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியது எத்தனை, பொருத்தியது எத்தனை என்று இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒதுக்கீட்டை மட்டும் கேட்டால் காது குளிர ஒரு எண் வரும்.

அகதிகள் விஷயத்தில் சொற்களே பொறி. இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையிலும் 1967 நெறிமுறையிலும் கையெழுத்திடவில்லை. தஞ்சம் கோருவோருக்கென்று தனிச் சட்டமும் கிடையாது. 'ஈழ அகதிகளுக்குக் குடியுரிமை கொடுப்பீர்களா?' என்று கேட்டால் இந்த இரண்டு வரியும்தான் திரும்பி வரும். உள்துறைக் கணக்கில் 1983 ஜூலை முதல் 2012 ஆகஸ்ட் வரை வந்தவர்கள் 3,04,269 பேர். இன்றும் முகாம்களில் ஏறக்குறைய 58,000 பேர், வெளியே பதிவு செய்துகொண்டு இருப்பவர்கள் 30,000-க்கு மேல். டெல்டாவின் வாசலிலேயே திருச்சி கொட்டப்பட்டு முகாம் இருக்கிறது.

இவர்கள் எல்லாரும் ஒரே வகை இல்லை என்பதுதான் கேள்வி எழுதுகிறவர் கவனிக்க வேண்டியது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமைக்கு உரிய மலையகத் தமிழர்கள் ஒரு வகை. குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாவது பிரிவுப்படி 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன், பெற்றோர் யார் என்ற கேள்வி எழாது. முகாமில் பிறந்த குழந்தைக்கும் அது பொருந்தும். அந்தத் தேதிக்குப் பின் 2004 டிசம்பர் 3-க்கு முன் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். அதற்கும் பின் பிறந்தவருக்கு, ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக்கூடாது. ஒவ்வொரு வகையிலும் எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை நிலுவை, எந்த மட்டத்தில் என்று தனித்தனியாகக் கேட்டால்தான் எண் வரும்.

2019 திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மட்டும்தான், இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் குடிவரவு, வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஒரு விலக்கு ஆணையும் வந்தது: 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள். அந்த விலக்கு கிடைத்தவர் குடியுரிமைச் சட்டத்தின் பார்வையில் இன்னும் 'சட்டவிரோதக் குடியேறி'தானா? டெல்டா எம்.பி. ஒருவர் உள்துறையிடம் எழுத்தில் வாங்க வேண்டிய ஒற்றை வரி இதுதான். 'ஆம்' என்றாலும் 'இல்லை' என்றாலும் முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குப் பெரிய வேறுபாடு. மீனவர் கைதையும் இதோடு சேர்த்துக் கேட்காதீர்கள். அது வெளியுறவு அமைச்சகம். சேர்த்துக் கேட்டால் இரண்டும் நீர்த்துப்போகும்.

தஞ்சம் கோருவோருக்கான சட்ட மசோதாக்களைத் தனிநபர் மசோதாவாக (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) சசி தரூர் போன்றவர்கள் கொண்டுவந்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பிற்பகலில் இரண்டரை மணி நேரம்தான் அதற்கு. சுதந்திரத்துக்குப் பிறகு சட்டமானவை மொத்தம் 14, கடைசியாக 1970-ல். ஆனாலும் வீண் என்று சொல்லிவிட முடியாது. தி.மு.க.வின் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறியது. பல பத்தாண்டுகளில் ஓர் அவையைத் தாண்டிய முதல் தனிநபர் மசோதா. அதற்குப் பிறகுதான் அரசே ஒரு மசோதாவை எடுத்துக்கொண்டு வந்தது.

கேள்வி நேரத்துக்கு அடுத்து உறுப்பினர்கள் அவசர விஷயங்களை எழுப்பும் பூஜ்ய நேரப் பேச்சு யூடியூபுக்கு நல்லது. அமைச்சர் அங்கேயே பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. மக்களவையின் 377-வது விதியின் கீழ் ஒரு விஷயத்தை எழுப்பினால் அமைச்சகம் உறுப்பினருக்கு எழுத்தில் பதில் அனுப்ப வேண்டும், ஒரு மாதம் கெடு. அந்தக் கடிதம் எம்.பி. அலுவலகக் கோப்பில்தான் இருக்கும். போய்க் கேட்டு நகல் வாங்குங்கள். அதே மாதிரி, 'தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்' என்று பதில் வந்தால் அது அவை நடைமுறைப்படி ஓர் உறுதிமொழி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், தவறினால் அரசு உறுதிமொழிகள் குழு விசாரிக்கும். தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து எம்.பி.க்கு நினைவூட்ட ஊரில் ஒருவராவது வேண்டும்.

கடைசியாக ஒன்று, காலநிலையும் இடப்பெயர்வும் சேரும் இடம். கடல் வீட்டைத் தின்றதால் உள்ளே நகர்ந்த மீனவக் குடும்பத்தைச் சிலர் 'காலநிலை அகதி' என்று எழுதுகிறார்கள். அப்படி ஒரு பெயர் எந்தச் சட்டத்திலும் இல்லை. எல்லையைத் தாண்டாதவர் அகதி ஆகமாட்டார். ஆனால் அவர்களுக்கென்று பணம் ஒதுக்கியதுண்டு. 15-வது நிதி ஆணையம் 2021–26 காலத்துக்குக் கடல், ஆற்று அரிப்பைத் தடுக்க 1,500 கோடியும், அரிப்பால் இடம்பெயர்ந்தவர்களை மறுகுடியமர்த்த 1,000 கோடியும் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டிலிருந்து இந்த 1,000 கோடியில் பங்கு கேட்டுக் கருத்துரு போனதா, எந்தெந்தக் கடலோர ஊர்களுக்கு, எந்தத் தேதியில், என்ன ஆயிற்று என்று உள்துறையிடம் கேட்க வேண்டும். நோட்டீஸ் கொடுக்கக் குறைந்தது 15 முழு நாள் தேவை. கேள்வியை நீங்களே ஆங்கிலத்தில் எழுதி, அந்த அமைச்சகத்துக்கான நாளையும் கடைசித் தேதியையும் அவை வெளியிடும் அட்டவணையில் பார்த்து, அதற்கு ஒரு வாரம் முன்னாடியே எம்.பி.யின் உதவியாளர் கையில் கொடுத்துவிடுங்கள். கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு சால்வையோடு போய் மனு கொடுத்தால், முதல் இரண்டு வாரத்துக்கான நாட்கள் அதற்குள் கைவிட்டுப் போயிருக்கும்.